பதினாறாம் நாள்

கருமாத்தூருக்கு மேற்கே, மின்கம்பம் சாய்ந்த திருப்பத்தில்
செவலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் விருமாயி.
"கத்தல, தாவல, ஒழுக்கு இல்ல டாக்டரம்மா.
ரெண்டு மாசமா கல்லு கணக்கா நிக்குது."
வெள்ளிக்கிழமை வியாபாரி வருகிறான்.
அச்சாரம் இரண்டாயிரம் வாங்கியாயிற்று.
"அதுக்குள்ள பருவத்துக்கு வந்தா வச்சுக்கிறேன்.
ஊசி ஒண்ணு போட்டு விடுங்க."

மளிகைக்கடை காலண்டரைச் சுருட்டிக் கொண்டுவந்திருக்கிறாள்.
இருபத்தொரு நாளுக்கு ஒரு வட்டம், கண்மையால்.
ஆடியில் ஒன்று. அன்று நான்தான் சினை ஊசி போட்டேன்.
ஆவணியில் வட்டம் இருக்கிறது, பார்த்த ஆள் இல்லை.
அப்புறம் வெறும் வட்டங்கள்.

கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போடுகிறேன்.
தோள்வரை உறை. சோப்புத் தண்ணீர்.
உள்ளே நுழைந்ததும் கைக்குக் கண் முளைக்க வேண்டும்,
அதற்கு எனக்கு நாலு வருடம் ஆனது.

அங்கே நடப்பது இதுதான்:
மூளைக்கடியில் மொச்சை அளவு சுரப்பி ஒன்று
ரத்தத்தில் சீட்டு எழுதி விடுகிறது.
சினைப்பையில் ஒரு கொப்புளம் திரண்டு
ஈஸ்ட்ரோஜன் என்ற கிறுக்கை ஊற்றுகிறது.
அன்றைக்கு மாடு கயிற்றை இழுக்கும்,
கழுநீரை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும்,
பக்கத்து மாட்டின் முதுகில் தாடையை வைக்கும்.
முக்கால் நாள். திருவிழா முடிந்தது.

கொப்புளம் வெடித்த இடத்தில்
மஞ்சளாய் ஒரு திரள் வந்து உட்காரும்,
ஊர்க்காவலுக்கு வந்தவன் மாதிரி.
புரோஜெஸ்டிரான் அவன் கைத்தடி.
அடுத்த கொப்புளத்தை அதட்டி வைப்பான்.
கருப்பையை மெத்தென்று விரிக்கச் சொல்வான்.
எல்லாம் யாரோ வரப்போகிறார்கள் என்று.
வரவில்லையென்றால்
பதினாறு பதினேழு நாளில் கருப்பையே ஆள் அனுப்பி
அவனைக் கரைத்துவிடும்.
என் பையிலிருக்கும் புட்டியும் அந்த ஆள்தான்,
கம்பெனியில் செய்தது.
கர்ப்பிணிகள் தொடக் கூடாது என்று அட்டையில் எழுதியிருக்கும்.

வலது சினைப்பை. விரல் முட்டுகிறது.
இருக்கிறான் காவல்காரன். கரையாமல்.
ரெண்டு மில்லி போட்டால் மூன்றாம் நாள் கத்தும்,
வெள்ளிக்கிழமைக்குச் சரியாக வரும்.
ஆனாலும் கை வெளியே வர மாட்டேன் என்கிறது.

பசுவுக்கு வெளியே ரெண்டு கொம்பு, உள்ளே ரெண்டு கொம்பு.
உள்கொம்பில் வலது மட்டும் தடித்திருக்கிறது.
மெல்லப் பிடித்து விடுகிறேன்.
விரலிடுக்கில் ஒரு சவ்வு நழுவுகிறது,
சோளப்பால் தோல் நழுவுவதுபோல.

"ஆவணியில நீ எங்க இருந்த?"
"பெரியாஸ்பத்திரியில. மகளுக்குக் குடல்வால். நாலு நாள்."
"மாடு?"
"கண்மாய்க்குள்ள கெடந்துச்சு. பின்னன் பாத்துக்கிட்டான்."
பின்னன் பார்த்த லட்சணம் தெரிகிறது.

பதினாறாம் நாள் என்றால் நமக்குக் காரியம்.
வீட்டைக் கழுவிவிட்டு, சோறு படைத்து,
போனவர் போகட்டும் என்று விடுகிற நாள்.
பசுவுக்குள் அந்த நாளில்
நூல்துண்டு போல் மிதந்துகொண்டிருக்கும் ஒன்று,
எங்கும் ஒட்டாதது, இதயம்கூட இல்லாதது,
ஒரு துளிப் புரதத்தில் சொல்லும்:
இருக்கிறேன்.
கருப்பை அதைக் கேட்டுக்கொண்டு
அனுப்ப இருந்த ஆளை நிறுத்திவிடும்.
வெளியே நிற்பவர்களுக்கு எதுவும் கேட்காது.
கத்தாத மாடு. கல்லு மாதிரி மாடு.

உறையை உரித்துப் போட்டுவிட்டுச் சொன்னேன்.
விருமாயி வாயைப் பொத்தவில்லை, அழவில்லை.
"எந்தக் காளை?" என்றாள்.
வடக்குத் தெரு மயிலையா, கொடிக்காரன் வீட்டு மொட்டையா,
கோயில் மாடா?
அது என் கைக்குத் தெரியாது.
பதிவேட்டில் காளை எண் என்ற கட்டத்தில்
ஒரு கோடு இழுத்தேன். புட்டி பைக்குள் போனது.

அவள் அச்சாரத்தை எண்ணுகிறாள், இரண்டாம் முறை.
முந்நூறு குறைகிறது.
தவிடு வாங்கியிருக்கிறாள்,
இந்தச் செவலைக்குத்தான்.