பெண்களுக்கான நேரம்: நாலிலிருந்து ஐந்து

ஏ-ஒன்பது வீதிக் கரையில் புதுக் கடைக்காரர்
வாசலுக்குப் பலூன் கட்டியிருந்தார்.
உள்ளே நகரும் படி.
ஒரு மனுசன் செருப்பைக் கையில் பிடித்தபடி
மேலே போய், கீழே வந்து, மறுபடி மேலே போனார்.
நான் போனது நீச்சல் உடுப்பு வாங்க.
முழங்கை மூடுவது, முழங்கால் மூடுவது,
கறுப்பில் ஒரு பச்சைக் கோடு.
விற்கிற பொடியன் என்னைப் பாராமல்
மேலே சுழன்ற விசிறியிடம் விலை சொன்னான்.
நானும் விசிறியிடமே பேரம் பேசினேன்.
இருநூறு ரூபாய் இறங்கியது.

குளம் என்றால் கிளிநொச்சி இரணைமடுவைத்தான் நினைக்கும்.
அதனால் இதை நாங்கள் 'பூல்' என்கிறோம்.
விளையாட்டுத் தொகுதிக்குள், சின்ன நீல ஓடு பதித்து,
ஆழம் எவ்வளவென்று சுவரில் எழுதி வைத்த தண்ணீர்.
ஆழத்தை எழுதி வைத்த தண்ணீரை
நான் அதற்குமுன் கண்டதில்லை.

வங்கியில் நான் அடகுப் பிரிவு.
இந்த ஊரின் கழுத்துகளை நிறையால் அறிவேன்.
தவமலரின் சங்கிலி ஐந்தரைப் பவுண்:
விதைப்புக்கு உள்ளே வரும், அறுவடைக்கு வெளியே போகும்.
உடுப்பு மாற்றும் அறையில் எல்லாம் வெறுங்கழுத்து.
ரப்பர் தொப்பிக்குள் கூந்தலைத் திணித்துவிட்டு
ஒருத்தியை ஒருத்தி பார்த்து
"முட்டை, முட்டை" என்று சிரித்தோம்.
தவமலர் மகளின் வலைப்பந்து ரீசேட்டில்,
முதுகில் ஜி.ஏ. என்ற எழுத்தோடு.

பழக்குகிறவள் டிலக்சனா. இருபத்துநாலு வயது.
வவுனியாவிலிருந்து பஸ்ஸில் வருவாள்,
கழுத்தில் விசில், தோளில் ஈரத் துவாய்.
"அன்ரி, நடுவுக்கு வாங்கோ. இன்னும். இன்னும்.
கழுத்தளவு வந்ததும் கையைப் பக்கத்தில விடுங்கோ."

கழுத்தளவு வந்தது.
கைகள் மேலே போயின.
நான் தூக்கவில்லை. அவையாகவே,
தலைக்கு மேலே, உள்ளங்கை வானம் பார்க்க.
அன்றைக்கு அதில் ஒரு பை இருந்தது.
பிறப்புச் சான்றிதழ், சோதனைப் பெறுபேறு,
தங்கச்சியின் பிள்ளைக்கு அரைப் பைக்கற் பால்மா.
அந்தத் தண்ணீர் உப்பு.
இதில் குளோரின் மணக்கிறது என்று
எனக்குத் தெரிகிறது. கைக்குத் தெரியவில்லை.

வெட்கத்தில் திரும்பிப் பார்த்தேன்.
தவமலரின் கையும் மேலே.
தபால் கந்தோர் கமலரூபிக்கு ஒரு கைதான் மேலே,
மற்றக் கை இடுப்பில்
நாலு வயதுப் பிள்ளையை அணைத்திருந்தது.
அந்தப் பிள்ளை இப்போது மொறட்டுவையில் படிக்கிறான்,
வாரம் ஒருக்கால் காசு கேட்டு எடுப்பான்.

விசில் வாய்க்குப் போய், ஊதாமல் இறங்கியது.
அப்போது டிலக்சனாவுக்கு எட்டு வயதிருக்கும்.
எங்கே நின்றாள் என்று நான் கேட்கவில்லை.
ஓடிப்போய் நுரைப் பலகைகளை அள்ளிவந்து
தானும் இறங்கி, ஒவ்வொன்றாக
எங்கள் கைகளில் வைத்தாள், தலைக்கு மேலேயே.
"இனி இதை மெல்ல முன்னால கொண்டு வாங்கோ.
நனைஞ்சால் பரவாயில்லை."

நனைஞ்சால் பரவாயில்லை.

கொண்டுவந்தேன். நெற்றி, மூக்கு, நாடி, தண்ணீர்.
பலகை அமிழவில்லை.
கால் ஓட்டை விட்டது.
கையில் தூக்கிப்போன ஒரு பொருள்
என்னைத் தூக்கியது அன்றுதான்.
ஒரு மூன்று முழம் போயிருப்பேன்,
பிறகு மூக்கு நிறையத் தண்ணீர், இருமல், சிரிப்பு.
ஐந்து மணிக்குப் பொடியன்கள் கதவைத் தட்டினார்கள்.
பசித்த பசிக்கு, கடை வாசலில் நின்று
ஆளுக்கு இரண்டு ரோல்ஸ்.

திங்கட்கிழமை தவமலர் சங்கிலியோடு வந்தாள்.
விதைப்புக்கு இன்னும் இரண்டு மாதம் கிடக்கு.
"என்ன தேவைக்கு?" என்ற கட்டத்தில் பேனை நின்றது.
கண்ணாடித் துவாரத்துக்குள் வாயை வைத்து
"பச்சைக் கோடு போட்டது ஒண்டு" என்றாள்,
"அதோட ஆறு மாதக் கட்டணம்."

வழமைபோல
விவசாயம் என்று எழுதினேன்.