மங்கும் கண்ணாடி

புக்கிட் பாஞ்சாங் எல்ஆர்டி
எங்கள் புளோக்கைக் கடக்கும்போது
அதன் கண்ணாடிகள் தாமாகவே மங்கிவிடும்.
எங்கள் வீட்டுக்குள் யாரும் பார்த்துவிடக் கூடாதாம்.
ஏழாம் மாடி, சமையலறை மேசை.
பார்க்க என்ன இருக்கிறது,
ஒரு பொம்பளையும் ஒரு மடிக்கணினியும்.

வழக்கறிஞர் சியா அனுப்பிய சுட்டியைத் தட்டினேன்.
அதே சாம்பல் நிறம்.
நடுவில் ஒரு புதிர்த்துண்டுப் படம்,
கீழே ஒரு வரி:
செருகுநிரலை ஏற்ற முடியவில்லை.

செருகு.
கொண்டையில் பூ, இடுப்பில் முந்தானை,
கதவிடுக்கில் கடைக்காரன் விளம்பரம்,
பேச்சுக்கு நடுவே ஒரு பொய்.
செருகத் தெரியாதவளா நான்?

லினக்ஸ் போட்டது குணாளன்.
வைரஸ் வராது, காசும் கேட்காது என்றார்.
இரண்டும் உண்மை.
எது திறக்காவிட்டாலும்
அவரைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும் என்பதை
மட்டும் சொல்லவில்லை.
இன்று திறக்க வேண்டியது
அவருடைய பிரமாணப் பத்திரம்.
கூப்பிட்டுக் கேட்கவா முடியும்?

உலாவியையே விசாரித்தேன்.
பட்டியலை நீட்டியது:
ஆவணம் காட்டும் செருகுநிரல். இருக்கிறது. இயங்குகிறது.
மூடினேன், திறந்தேன், மறுபடி மூடினேன்.
கோப்பி ஆறிப்போனது.
அறுபத்துநான்கு பிட் உலாவிக்குள்
முப்பத்திரண்டு பிட் செருகி உட்காராது என்று
எப்போதோ காதில் விழுந்தது.
பார்த்தேன், அதுவும் இல்லை. இரண்டும் ஒரே அளவு.
அளவில் நாங்களும் பொருத்தமாகத்தான் இருந்தோம்.

பதினொன்றரைக்குக்
கறுப்புத் திரையில் அந்தக் கோப்புறையை விரித்தேன்.
உள்ளே ஒரே ஒரு பெயர், சிவப்பில்.
பெயருக்கு வலப்பக்கம் ஓர் அம்பு.
அம்பு காட்டிய இடத்தில் எதுவும் இல்லை.
வட்டில் இடமில்லை என்று
கிளம்பிப்போன வாரம் அவர் துடைத்தவற்றோடு
அதுவும் போயிருக்கிறது.
ஒன்பது மாதமாக அம்பு மட்டும் நிற்கிறது,
பல் மருத்துவமனை இன்னமும்
அவர் பெயருக்கு அனுப்பும் நினைவூட்டல்போல.

ஆர், எம். இரண்டே எழுத்து.
"நிச்சயமா?" என்றுகூடக் கேட்கவில்லை.
திரும்பத் திறந்தால் உலாவி சொல்கிறது:
இருக்கிறது. இயங்குகிறது.
பழைய பட்டியலை அது தனியாக
எழுதி ஒளித்து வைத்திருக்குமாம்.
அந்தத் தாளையும் கிழித்தால்தான்
இல்லாததை இல்லையென்று ஒப்புக்கொள்ளும்.

கிழித்தேன்.

புதியதை நிறுவப் போனால்
நிர்வாகியின் கடவுச்சொல் கேட்டது.
மூன்று முறை ஊகித்தேன்.
என் பிறந்தநாள் இல்லை.

அப்புறம்தான்,
எரிச்சலில் வலது பொத்தானை அழுத்தியபோதுதான்,
'இறக்கிச் சேமி' கண்ணில் பட்டது.
இறக்கினேன். இரட்டைச் சொடுக்கு.
உலாவிக்கு வெளியே
ஆவணம் பார்க்கும் நிரல் ஒன்று
முதல் நாளிலிருந்தே சும்மா இருந்திருக்கிறது.
யாரும் எதையும் செருக வேண்டியதில்லை.
ஒரு விநாடியில் பதினான்கு பக்கமும் வந்து நின்றன.

ஒன்பதாம் பத்தியில் சத்தியம் செய்கிறார்:
கணினி, வங்கி, வரி உட்பட
அன்றாடக் காரியங்கள் எல்லாவற்றுக்கும்
என் மனைவி என்னையே சார்ந்திருந்தார்.

கடைசி ரயில்
கண்ணாடியை மங்கவைத்துக்கொண்டு போனது.
நான் அந்தப் பத்தியை
நூற்றைம்பது விழுக்காட்டுக்குப் பெரிதாக்கி
இன்னொரு தடவை படித்தேன்.
எழுத்து ஒவ்வொன்றும்
அவ்வளவு தெளிவு.