ஐம்பது புள்ளி

டொலர் ஏறிய வருஷம்
லைசன்ஸ் புதுப்பிக்கக் காசில்லாமல்
அலுவலகக் கொம்பியூட்டரில் லினக்ஸ் ஏற்றினேன்.
பிரிண்டர், முதலாம் குறுக்குத் தெரு நிஸ்தாரிடம்
பாவித்ததாக வாங்கியது.
"இந்த மாடலுக்கு ஃபைல் வாறல்ல மிஸ்,
இதுக்கு மூத்ததுட ஃபைலப் போடுங்க.
ஒரே குடும்பம்தானே, ஓடும்."
ஓடியது.

அளுத்கடையில், நீதிமன்ற மதிலுக்கு எதிரே
படியேறி இடப்பக்கம் என் பலகை:
சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்.
பிறப்பு, இறப்பு, காணி உறுதி,
பொலிஸ் முறைப்பாடு, எதுவானாலும்.
இவற்றில் பிறப்புப் படிவம் மட்டும்தான்
தாள் முட்ட நிற்கும்.
அதன் கடைசி வரி விழாமல் போவதை
மூன்று கிழமை நான் காணவில்லை.
முத்திரை மட்டும் ஒழுங்காகக் குத்தினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, கறுப்புக் கோட்டுகள் கலைந்து
தெரு வெறிச்சோடிய பிறகு
அந்தக் கோப்பையே திறந்தேன்.
இயந்திர பாஷை என்று பயந்திருந்தேன்.
வெறும் எழுத்து.
வரிக்கு வரி முன்னால் ஓர் உடுக்குறி,
ஒரு சொல், முக்காற்புள்ளி, ஒரு விடை.
எனக்கு இந்த வடிவம் தெரியும்.
பெயர்: இன்னது. செய்த கம்பனி: இன்னது.
நிறம் உண்டா: இல்லை.
இரு பக்கமும் அடிக்குமா: ஆம்,
ஆனால் கடித உறையில் முடியாது.
இது இருந்தால் அது ஆகாது என்று
தானாகவே எழுதிக் கொடுத்திருக்கிறது.
தாளின் நாலு ஓரத்திலும் பன்னிரண்டு புள்ளி,
ஓர் உளுந்தின் அகலம்,
அங்கே என் மை எட்டாது என்கிறது.
சாட்சிக் கூண்டில் இப்படி ஒருவரை
நான் கண்டதே இல்லை.

பிறகு அந்த வரி.
ஒன்றும் சொல்லாவிட்டால் தாள்: லெட்டர்.
அமெரிக்கத் தாள்.
கொழும்பில் எந்தக் கடையில் அதை விற்கிறார்கள்?
அதன் உயரம் எழுநூற்றுத் தொண்ணூற்றிரண்டு புள்ளி.
நாங்கள் வைக்கும் ஏ-நாலு எண்ணூற்று நாற்பத்திரண்டு.
இடையில் ஐம்பது.
ஒரு விரற்கடை.
அதற்குள் ஒரு வரி
தாராளமாக விழுந்து காணாமல் போகலாம்.

ஒரு சொல்லை அழித்து ஒரு சொல்லை இட்டேன்.
அச்சுச் சேவையை நிறுத்தித் தொடக்கினேன்.
சோதனைத் தாள் அடிவரை வந்தது.

திங்கள் காலை பதினொரு பேருக்கு அழைத்தேன்:
பிரதி பிழை, வந்து மாற்றுங்கள், காசு வேண்டாம்.
பத்துப் பேர் பஸ் காசைச் சொல்லித் திட்டிவிட்டு
மாற்றிக்கொண்டு போனார்கள்.
கொட்டாஞ்சேனை நொயெலா மட்டும்
உள்ளே வராமல் படியில் நின்றாள்.
"என்ட கொப்பி அப்படியே இருக்கட்டுமே மிஸ்.
எம்பஸில ஒண்டும் கேக்கல்ல."

படிவத்தின் கடைசி வரி என்னவென்று
அப்போதுதான் வாசித்தேன்.
எத்தனை நூறு தரம் தட்டச்சு செய்த வரி.
பெற்றோர் விவாகஞ் செய்தவர்களா?
இல்லை.

நான் சத்தியம் செய்தவள்.
முழுமையானது, சரியானது என்று
முத்திரையிலேயே வெட்டியிருக்கிறது.
கட்டளையை அனுப்பினேன்.
பிரிண்டர் முனகி, சூடேறி,
ஒரு வரியும் விடாமல் தந்தது.

எழுத்து உள்ளே போக நாலாக மடித்தாள் நொயெலா.
"மழ வரும்போல" என்றாள்.
இறங்கிப் போனாள்.

பழைய பிரதியை அவள் தரவில்லை.
நானும் கேட்கவில்லை.