ஐந்தாம் அடுக்கு

மார்ச் மாதம் தார்த்துவில்
பனி உருகாமலே அழுக்காகிக்கொண்டிருந்தது.
மரவீடு. எண்பது வயது ஜன்னல்.
சாவி கைக்கு வந்த அன்றே சுரண்டத் தொடங்கினேன்.

மேலே வெள்ளை, அதன்கீழ் ஒரு பச்சை,
பிறகு பள்ளிக்கூட பெஞ்சின் பழுப்பு,
அதற்கும் கீழே யாரோ ஆசையாய்ப் பூசிய
வெண்ணெய் மஞ்சள்.
“இதோடு நிறுத்தேன்” என்றாள் மாரிகா.
எனக்கு மரம் தெரியவேண்டும்.
கடைசியில் இன்னொரு வெள்ளை,
கெட்டியாய், பிடிவாதமாய்.

மூன்று நாள் உப்புத்தாள்.
வெயில் விழுந்தபோது அறை முழுக்க
ஏதோ மினுங்கி மிதந்தது.
அழகாய்த்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.
கறுப்பு ரொட்டியை ஜன்னல் திட்டில் வைத்தே தின்றோம்.
உதட்டில் லேசாய் ஒரு தித்திப்பு.
ரொட்டியின் குணம் என்றிருந்தேன்.

பெயின்ட் கடை லெம்பித்தான் கேட்டான்:
“பழைய வீடா? ஈயம் பார்த்தாயா?”
பஞ்சுமுனைக் குச்சி ஒன்று கொடுத்தான்.
காசு வாங்கவில்லை. அதுதான் பயமாயிருந்தது.

ஐந்தாம் அடுக்கில் தேய்த்தேன்.
பத்து எண்ணுமுன் சிவந்தது.

போன செவ்வாய்
குளியலறையில் வேறொரு குச்சியை
தலைமுட்டப் பார்த்தோம் இருவரும்.
அதிலும் சிவப்புதான், இரண்டு கோடு.
அன்றைக்குக் கூத்தாடினோம்.

மாரிகா இப்போது தங்கை வீட்டில்.
நாளை ரத்தம் எடுக்கிறார்கள்.
நான் முகமூடிக்குள் மூச்சுவிட்டபடி
ஈரத்துணியால் தரையை ஒற்றுகிறேன்;
பெருக்கக் கூடாதாம், கிளம்பிவிடுமாம்.
கதவிடுக்கு, ரேடியேட்டரின் பின்புறம்,
அவசரப்பட்டு வாங்கிய தொட்டில்,
இன்னும் பிரிக்காத அதன் அட்டைப்பெட்டி.
மேலே விரலை இழுத்தால்
கோடு விழுகிறது.