நான்காம் பிரிவு

முப்பத்தோராம் மாடியில் எனக்கு வேலை,
அரசாங்கங்கள் கவிழ்வதற்கு விலை போடுவது.
ஜாலான் அம்பாங்கில் நாலு மணி மழை இறங்குமுன்
ஒரு நாட்டின் கோபத்தைச்
சதவீதமாக்கி அனுப்பிவிடுவேன்:
ஆண்டுக்கு ஒன்று புள்ளி இரண்டு.
போரையும் சேர்த்தால் கொஞ்சம் கூடும்.

இன்று வந்திருப்பது இழப்பீட்டுக் கோரிக்கை.
கடல் கடந்த ஓர் ஊரில்
இங்கிருந்து போன பணம் கட்டிய குடிநீர் ஆலை.
விளக்கப் புத்தகத்தின் அட்டையில்
ஆறாம் இலக்கு என்று நீலத்தில் ஒரு குவளை,
குழாயடியில் கைகழுவிச் சிரிக்கும் ஒரு பிள்ளை.
(இதே பிள்ளை
வேறு மூன்று அட்டைகளிலும் சிரித்திருக்கிறது.)

கட்டணம் இருமடங்கான மூன்றாம் மாதம்
மீட்டர்களைப் பிடுங்கிக் கொண்டுவந்து
ஆலை வாசலில் குவித்திருக்கிறார்கள்.
அன்றிரவு பம்புக் கொட்டகை எரிந்தது.

நான்காம் பிரிவு கேட்கிறது:
கலகம் அரசியல் நோக்கமுடையதா?
ஆமென்றால் நாங்கள் பணம் கொடுக்கவேண்டும்.
இல்லையென்றால் அது வெறும் தீ.

ஹஸ்லினா புகைப்படத்தைப் பெரிதாக்குகிறாள்.
கொடி இல்லை. பதாகை இல்லை.
மஞ்சள் டிரம்மை இடுப்பில் இடுக்கிய ஒருத்தி
வரிசையில் தன் இடம் போய்விடுமோ என்று
திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"தாகம் எந்தக் கட்சி?" என்றேன்.
"அதை அறிக்கையில் எழுதிவைக்காதே" என்றார் லூ,
கண்ணாடியைத் துடைத்தபடி.

ஆலைக்குக் காப்புறுதி இருக்கிறது.
ஆலைக்குத் தந்த கடனுக்கும், அதன் வட்டிக்கும்.
லாபத்தை ரிங்கிட்டாக மாற்ற விடாமல்
அந்த நாடு கதவைச் சாத்தினால்
அதற்கென்று தனிப் பத்திரமே இருக்கிறது,
நான்தான் எழுதினேன், நல்ல வாசகம்.
அவளைத் தேடினேன்.
பக்கம் நாற்பத்திரண்டில்
'மூன்றாம் தரப்பினர்' என்ற சொல்லுக்குள்
டிரம்மோடு நிற்கிறாள்.

செந்தூலுக்கு ரயிலேறி வந்தால்
அடுக்குமாடியில் மூன்றாம் நாளாகத் தண்ணீர் இல்லை.
ஆற்றில் எவனோ எண்ணெய் கொட்டிவிட்டானாம்.
ஒன்பதரைக்கு லாரி வந்தது.
அலுவலகச் சட்டையோடு இரண்டு வாளி தூக்கி நின்றேன்.
"உங்க கம்பெனில இதுக்கெல்லாம் இன்சூரன்ஸ் இல்லையா?"
குணமலர் அக்கா கேட்டார்.
சிரித்து வைத்தேன்.

எனக்கு முன்னால் ஏழு பேர் இருக்கும்போது
குழாய் இருமியது, காற்றை விட்டது, நின்றது.
ஆறாம் புளோக் தணிகேசன்
லாரி டயரை ஓர் உதை உதைத்தார்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
டிரைவர் கதவைப் பூட்டிக்கொண்டு
யாருக்கோ போன் செய்தான்.

என்னையறியாமல் படிவம் நிரம்பத் தொடங்கியது:
இடம், நேரம், சம்பந்தப்பட்டோர் சுமார் நாற்பது,
சேதம் ஏதுமில்லை,
நோக்கம்

அப்போது லாரியின் தகரத்தில்
என் வாளி மோதிய சத்தம் கேட்டது.
காலி வாளி,
கொஞ்சம் பலமாகவே.
கை தவறித்தான்.
கேட்டால் அப்படித்தான் எழுதுவேன்.