பதினோராவது இடம்

இரவு ஒன்று இருபது.
கம்பைலர் ஒரு குறையும் சொல்லவில்லை.
அதுதான் பயம்.

வரவுப் பட்டியல் ஓடுகிறது:
ரிஸ்னா தெமட்டகொடை, சரி.
ஹசித மருதானை, சரி.
பெனடிக்டா கொட்டாஞ்சேனை, அதுவும் சரி.
என்னுடைய வரி மட்டும்
யதுர்ஷன்வெள்ளவத்தை வெள்ளவத்தை
என்று மூச்சுவிடாமல் போகிறது.
ஊர் இரண்டு தரம்,
ஒருதரம் என் பெயருக்குள்ளேயே.

இடைவெளி விட மறந்தேனோ?
விட்டிருக்கிறேன்.
வரிக்கு வரி ஒரு பிரின்ட் செருகினேன்,
இங்கே வந்தேன், இங்கேயும் வந்தேன்.
எல்லா இடத்துக்கும் ஒழுங்காக வந்திருந்தேன்.

மேல்மாடித் தண்ணி மோட்டார் நின்றது.
அந்த அமைதியில் விரல் மடித்தேன்.
ஆங்கிலத்தில் என் பெயர் பத்து எழுத்து.
நான் ஒதுக்கிய இடமும் பத்து.
கணக்குச் சரி.
சரியாய் இருந்ததுதான் பிழை:
எழுத்தெல்லாம் ஏறி உட்கார்ந்தபின்
போதும் என்று சொல்ல வேண்டிய பூச்சியத்துக்குக்
கதிரை இல்லை.

வவுனியாவிலிருந்து வந்த முதல் கிழமை
நூற்றியோராம் நம்பர் பஸ்ஸில் இப்படித்தான் போனேன்.
பஹினவா என்று கத்த வேண்டுமாம்.
ஒரே ஒரு சொல்,
தொண்டைக்குள் கிடந்தது.
வெள்ளவத்தை ஜன்னலால் போனது.
தெஹிவளை மேம்பாலத்தில் ஏறும்போது
யாரோ இறங்கக் கேட்டார்கள்.
அவர்களோடு நானும்.

பத்தாவது இடத்தில் பூச்சியத்தை வைத்துப் பார்த்தேன்.
பட்டியல் நின்றது, அழகாக,
யதுர்ஷ என்று.

வேண்டாம்.
இந்த வெட்டு எனக்குத் தெரியும்.
வங்கி அட்டையில் இடம் போதாமல்
அப்பாவின் கடைசி எழுத்து போய்
குணரத்னம் குணரத்ன ஆகிவிட்டார்.
கவுண்டர்ப் பெண் அட்டையைப் பார்த்துச்
சிரித்தபடி சிங்களத்தில் தொடங்கினாள்.
நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன்,
எங்கே நிறுத்துவதென்று தெரியாமல்.

பத்தை அழித்துப் பதினொன்று என்று அடித்தேன்.
நகலெடுக்கும் வரி பத்தோடு நிற்கட்டும்,
பதினோராவதில் பூச்சியம்.
ஓடவிட்டேன்.
யதுர்ஷன்.
பிறகு வெற்றிடம்.
பிறகு வெள்ளவத்தை, ஒரேயொரு தரம்.

தமிழில் எழுதும்போது இந்தத் தொல்லை வந்ததில்லை.
ஐந்தே எழுத்து,
கடைசி எழுத்தின் தலையிலேயே ஒரு புள்ளி.
அதற்கு அப்பால் வாய் போகாது.
இவ்வளவு நாளும் அதை நான்
ஒரு பொட்டுப் போலத்தான் வைத்துவந்தேன்.

படுக்கப் போனவன் திரும்ப லைட்டைப் போட்டேன்.
திங்கட்கிழமை வகுப்பில் புதிதாக ஒருத்தர் சேர்கிறாராம்,
தபால் கந்தோரில் வேலை,
பெயர் மங்கையற்கரசி.

எம், ஏ, என், ஜி...
இரண்டு கையும் முடிந்தது.
கால் விரலுக்கு வந்திருக்கிறேன்.