கம்பிக்குள் நீளும் கை

பல்லடம் சாலையில் அருள்புரம் தாண்டி
சோளக்காட்டு ஓரம் எங்கள் கடை.
ஊருக்குள் இருந்ததைப் பெண்கள் மறியல் செய்து
இங்கே துரத்தினார்கள்.
இப்போது தார்ச்சாலை விட்டிறங்கி
செருப்பில் புழுதி ஏற நடந்து வருகிறார்கள்.
ஒருவரும் குறையவில்லை.

நான் விற்பனையாளன். பி.எஸ்சி. விலங்கியல்.
முகங்கள் எனக்குத் தெரியாது.
இரும்புக் கம்பியில் ஒரு சாண் அகலச் சதுரம் வெட்டியிருக்கிறது,
அதற்குள் வருவது கைதான்.
தறிக்காரர் கையில் மயிரெல்லாம் பஞ்சு.
சாயப்பட்டறைக் கையில்
நகக்கண்ணுக்குள் ஒரு வாரத்து நீலம்.
கோழிக்கடைக் கை தருகிற நோட்டைத் தனியாக வைப்பேன்.
"ங்ணா, ஒரு குவாட்டர்" என்று
கையே பேசுகிற மாதிரி இருக்கும்.

என் தலைக்கு மேலே தகரப் பலகை:
இருபத்தொரு வயது நிரம்பாதோருக்கு மது விற்கப்பட மாட்டாது.
எழுத்து அவர்கள் பக்கம்.
என் பக்கம் துருவும் ஒரு பல்லியும்.

போன மாதம் ஆய்வுக்கு வந்த நாகமணி மேடம்
கதவைத் திறக்கச் சொல்லி உள்ளே வந்து
என் ஸ்டூலில் உட்கார்ந்தே பார்த்தார்.
"கைதான் தெரியுது, சரி.
குனிஞ்சா மூஞ்சி தெரியுதல்ல?
குனியறதுக்கு என்ன கேடு?"
அன்றே அங்குராஜுக்குத் தற்காலிகப் பணிநீக்கம்.
அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள்.
அவன் விற்ற பையனுக்குப் பதினாலு வயது,
அதையும் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை, சம்பள ராத்திரி.
ஒரு கை.
ஆள்காட்டி விரலில் ஓவர்லாக் ஊசி ஏறி இறங்கிய தழும்பு.
உள்ளங்கை காய்த்திருந்தது. இருபத்தைந்து என்பேன்.
குனிந்தேன்.
மீசை இருக்க வேண்டிய இடத்தில் வியர்வை.

"கார்டு குடு."
கம்பெனி அடையாள அட்டை வந்தது, நாடாவோடு.
நந்தீஷ். தையல் பிரிவு. வயது பத்தொன்பது.
"இருபத்தொண்ணு ஆவோணும்."
"அது கம்பெனிக்காகப் போட்டதுங்ணா."
"நெசத்துக்கு எத்தன?"
"பதினாறு."
சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.
"அப்பவே இருபத்தொண்ணாப் போடச் சொல்லியிருக்கோணும்."

பின்னால் வரிசை கத்தியது:
"ஏனுங், பொண்ணு பாக்கறீங்ளா?
சாதகமெல்லாம் கேட்டுட்டு!"

"அக்கட்டால போ" என்றேன்.
கை போனது.

அடுத்தடுத்து ஆறேழு கைகள்.
பிறகு ஒரு கிழட்டுக் கை, செப்பு மோதிரம்.
தினமும் ஒன்று வாங்குகிற கை
அன்றைக்கு இரண்டு கேட்டது.
நோட்டு மூன்றாக மடித்து
வியர்வையில் நனைந்திருந்தது.
சற்றுமுன் கம்பிக்குள் வந்து திரும்பிப் போன
அதே ஐந்நூறு, ஓரத்தில் பச்சை மசி.

குனிந்தேன்.
"ரெண்டாவது யாருக்கு?"
"எனக்குத்தான். வேற யாருக்கு?"
அறுபது வயதுக்கு இரண்டு கொடுக்கலாம்.
நோட்டுக்கு வயது கேள் என்று
சுற்றறிக்கை எதுவும் வரவில்லை.
கொடுத்தேன்.
பாட்டிலுக்குப் பத்து ரூபாய் எச்சா எடுத்துக்கொண்டேன்,
எப்போதும் போல.

பத்து மணிக்கு ஷட்டரை இழுத்தபோது
அட்டை என் மேசையிலேயே கிடந்தது.
டார்ச் அடித்துக் காட்டோரம் பார்த்தேன்.
சோளத்தட்டு அசைந்தது.
காற்றாகவும் இருக்கலாம்.
போய்ப் பார்க்கவில்லை.

ஞாயிறு பகல் பன்னிரண்டு, முதல் கை.
அதில் நோட்டு இல்லை.
விரித்த உள்ளங்கை, ஊசித் தழும்பு.
"கார்டுங்ணா.
அது இல்லாம நாளைக்கி கேட்டுல விடமாட்டாங்க."
குரல் கட்டியிருந்தது. வாடை வந்தது.

மேசை இழுப்பறையிலிருந்து எடுத்தேன்.
போட்டோவில் இன்னும் சின்னவன்,
காதோரம் எண்ணெய் வழியப் படிய வாரிய தலை.
கீழே நீல மையில்
கம்பெனி முத்திரை, பத்தொன்பது.

இதை யாரிடம் கொடுப்பது என்று
எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.
குனியாமலே
கையில் வைத்தேன்.